குண்டுக்கு அஞ்சிய கூரை



இன்று பழைய ஏற்பாட்டுப் பாடமாக யோசுவா நான்காம் அதிகாரம் வாசிக்கக் கேட்டோம். ஜனங்கள் யோர்தானைக் கடந்து கரையேறுகிறார்கள். கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் திரும்ப ஆற்றின் நடுவே போய், ஆளுக்கொரு கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கற்களைக் கில்காலில் நாட்டுகிறார்கள். ஆற்றைக் கடந்தவர்களுக்கு அந்தக் கல் தேவையில்லை, அவர்கள் கண்ணால் கண்டவர்கள். பின்னால் பிறக்கப்போகிற பிள்ளைகளை நினைத்தே யோசுவா அதைச் செய்கிறார். இது என்ன கல் என்று ஒரு நாள் பிள்ளை கேட்கும், தகப்பன் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் குறித்துத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

போன சனிக்கிழமை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற தூய மரியாள் ஆலயத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கிற கோட்டை அது. வாசலில் காவலர்கள் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். வெயில் தகித்துக்கொண்டிருந்தது, ஆலயத்துக்குள் காலெடுத்து வைத்ததும் குளிர்ந்தது. பிள்ளைகளெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தி மட்டும் ஜன்னலண்டை போய், சுவரின் கனத்தை முழங்கையால் முழம் போட்டு அளந்து பார்த்தாள். திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்: "ஐயா, இது ஜெபம் பண்ணக் கட்டினதா, ஒளிஞ்சுக்கக் கட்டினதா?"

இறையியல் கல்லூரியில் என்னிடம் யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. அங்கே நின்றபடி ஏதோ பதில் சொன்னேன். போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. இந்த ஒரு வாரமும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. இன்று சபைக்கு முன்பாக அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்கிறேன்.

மகளே, இரண்டுக்கும்தான் கட்டினார்கள்.

ஆங்கிலேயர் 1640-இல் கோட்டையைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது வருஷம் அவர்களுக்கென்று ஒரு ஆலயம் கிடையாது. கோட்டை வீட்டின் ஒரு அறையில் கூடி ஜெபித்தார்கள். கோட்டைக்குள் 1642 முதல் கத்தோலிக்க ஆலயம் இருந்தது, எப்ரேம் என்கிற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி அதைக் கவனித்தார். வியாபாரத்துக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடங்கு முக்கியம், கணக்கு முக்கியம், ஆலயம் அந்த வரிசையில் இல்லை. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் என்பவர் கோட்டையின் தலைவராக வந்த பிறகே நிலைமை மாறியது. கம்பெனியின் பணத்துக்குக் காத்திராமல் அவர் ஒரு சந்தா நோட்டைத் திறந்தார். முதலில் தன் பெயரில் 100 வராகன் எழுதினார். கோட்டையிலிருந்த மற்றவர்களும் எழுதினார்கள். மொத்தம் 805 வராகன் சேர்ந்தது. நம்முடைய கட்டட நிதிக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். யார் முதலில் எழுதுகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், முதல் கை நீண்டால்தான் மற்ற கைகள் நீளும்.

1678-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி வேலை தொடங்கியது. தேவதூதன் மரியாளிடம் வந்து நற்செய்தி சொன்னதைத் திருச்சபை நினைவுகூருகிற நாள் அது, ஆலயத்துக்கு அவள் பெயர் வந்ததும் அதனால்தான். அக்காலத்து ஆங்கிலேயருக்கு அதுவே வருஷப்பிறப்பும்கூட. 1680 அக்டோபர் 28-ஆம் தேதி ஆலயம் பிரதிஷ்டை ஆனது. இந்தியாவில் அப்போது ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவரும் இல்லை. முதல் பேராயர் மிடில்டன் கல்கத்தாவில் வந்து இறங்கியது 1814-இல். ஆகவே லண்டன் பேராயரிடம் எழுதி அனுமதி பெற்று, கோட்டையின் குருவானவர் ரிச்சர்ட் போர்ட்மன் பிரதிஷ்டை ஆராதனையை நடத்தினார். ஆராதனை முடிந்ததும் சிப்பாய்களின் துப்பாக்கி வேட்டும் கோட்டை மதிலிலிருந்து பீரங்கி வேட்டும் முழங்கின.

அந்த வேட்டுச் சத்தம் ஆலயம் கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. அதை வரைந்தவர் கட்டடக்கலை படித்தவர் அல்ல, கோட்டையின் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர் என்று சொல்லுகிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. குண்டு எப்படி வந்து விழும், எதை உடைக்கும், எதை உடைக்காது என்று தெரிந்த மனிதன் போட்ட கணக்கு அது. நீளம் 86 அடி, அகலம் 56 அடி. வெளிச்சுவர் நான்கடி கனம். உள்ளே ஆலயத்தை மூன்று பத்தியாகப் பிரிக்கிற சுவர்கள் மூன்றடி கனம், அவற்றில் வளைவு வளைவாக வழி விட்டிருக்கிறார்கள். மேலே கூரை இரண்டடி கனம், முழுக்கச் செங்கலும் சுண்ணாம்பும். கதவு, ஜன்னல் தவிர கட்டுமானத்தில் மரம் கிடையாது.

மரத்தை ஏன் விட்டார்கள்? சென்னையில் பழைய வீடு உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ராஸ் தளம் என்று சொல்வோமே, தேக்கு விட்டத்தை வரிசையாக வைத்து, அதன்மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசுகிற தட்டைக் கூரை. வீட்டுக்கு அது நல்ல கூரைதான். ஆனால் விட்டம் முறிந்தால் மொத்தமும் உள்ளே இறங்கும். தீப்பிடித்தாலும் இறங்கும், கரையான் அரித்தாலும் இறங்கும், பீரங்கிக் குண்டு விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே அந்தப் பீரங்கிக்காரர் விட்டமே இல்லாத கூரையைக் கட்ட வைத்தார். மூன்று பத்திக்கும் மூன்று வளைவுக் கூரை, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்ததுபோல.

இந்த வளைவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வளைவில் ஒரு செங்கலும் எதிலும் தொங்கவில்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின்மேல் சாய்ந்திருக்கிறது, பக்கத்துக் கல் அதைத் தாங்கி அடுத்ததின்மேல் சாய்கிறது. மேலே பாரம் ஏற ஏற, கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். ஆனால் வளைவுக்கு ஒரு சுபாவம் உண்டு, கீழே அழுத்துவதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் தள்ளும். நடுவிலிருக்கிற வளைவு இரண்டு பக்கத்துச் சுவரையும் வெளியே தள்ளப் பார்க்கும். அப்படியே விட்டால் சுவர் பிளந்து கூரை விழுந்துவிடும். அதைத் தடுக்கிறவை இரண்டு ஓரத்திலும் இருக்கிற வளைவுகள். அவை உள்நோக்கித் தள்ளி நடுவை நிமிர்த்தி வைக்கின்றன, அவற்றின் தள்ளலை நான்கடிச் சுவர் வாங்கிக்கொள்கிறது. ஆலயத்துக்குள் போகிறவர்கள் நடுப்பத்தியின் உயரத்தைப் பார்த்து வியக்கிறோம். அந்த உயரத்தை நிற்க வைத்திருப்பது ஓரம்.

பேதுரு அப்போஸ்தலன் தன் முதல் நிருபத்தில் விசுவாசிகளைக் கற்களுக்கு ஒப்பிடுகிறார், உயிருள்ள கற்கள் என்று. இத்தனை வருஷமாக அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் சுவர்தான் என் கண்முன் வரும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். இனி அந்தக் கூரைதான் வரும். பின்வாசல் ஓரம் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் பஸ்ஸுக்கு ஓடுகிற சகோதரியே, இந்தச் சபையின் நடுவில் நிற்கிறவர்களை நிற்க வைத்திருப்பது உங்கள் ஜெபம்.

அந்தப் பீரங்கிக்காரரின் கணக்கு சரியா தப்பா என்று ஒரு நாள் தெரிந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையையே பிடித்தார்கள், 1749-இல்தான் அது ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. பிறகு 1758 டிசம்பரில் லாலி என்கிற பிரெஞ்சுத் தளபதி படையோடு வந்து முற்றுகையிட்டார். அடுத்த பிப்ரவரி நடுவில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேரும்வரை, இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகை நீடித்தது, கோட்டைக்குள் குண்டு விழுந்தது. 1701-இல் எழுப்பிய மணிக்கோபுரம் அடிபட்டது. வளைவுக் கூரை நின்றது. இன்று நாம் பார்க்கிற கோபுரக் கூம்பு 1795-இல் புதிதாக வைத்தது. கூரையோ 1680-இல் போட்ட அதே கூரை.

கர்த்தர் நமக்கு அடைக்கலம் என்று சங்கீதக்காரன் நாற்பத்தாறாம் சங்கீதத்தில் பாடுகிறான். பூமி நிலைமாறினாலும் பயப்படோம் என்கிற துணிவு அந்தச் சங்கீதம் முழுக்க இருக்கிறது. அந்த ஆலயத்தில் அதை எத்தனை முறை வாசித்திருப்பார்கள்! வாசித்தவர்களின் தலைக்குமேல் இரண்டடிச் செங்கலும் இருந்தது. இதை அவர்களுடைய விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெகேமியாவின் ஆட்கள் ஒரு கையால் அலங்கம் கட்டினார்கள், மறு கையில் ஆயுதம் வைத்திருந்தார்கள். பயப்படுகிற மனிதன்தான் ஜெபிக்கிறான். ஆனால் பயம் எதைக் காப்பாற்றிக்கொள்ள வருகிறது என்று கேட்க வேண்டும். அங்கேதான் இந்த ஆலயத்தின் கதை எனக்குக் கனக்கிறது.

பிரதிஷ்டையான ஒரே வாரத்தில், 1680 நவம்பர் 4-ஆம் தேதி, அந்த ஆலயத்தில் முதல் திருமணம் நடந்தது. மணமகன் எலிஹு யேல், பிற்பாடு 1687 முதல் 1692 வரை கோட்டையின் தலைவராக இருந்தவர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்கிற கம்பெனி அதிகாரியின் விதவை. அவர்களுக்கு டேவிட் என்று ஒரு மகன் பிறந்தான், நான்கு வயதிலேயே இறந்துபோனான். கேத்தரினின் முதல் கணவருக்கும் அந்தப் பிள்ளைக்குமாக எழுப்பிய ஊசிக்கோபுரக் கல்லறை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய வளாகத்தில் இன்றைக்கும் நிற்கிறது. பிள்ளையைப் புதைத்த தகப்பனும் தாயும் ஆலயத்தின் கறுத்த ஞானஸ்நானத் தொட்டிக்கும் பலிபீடத்துக்கும் நடுவே எப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. நம் சபையிலும் அந்தத் துக்கத்தைச் சுமக்கிறவர்கள் இருக்கிறீர்கள்.

ஆனால் இன்னொரு பிள்ளையும் உண்டு. யேல் ஊர் திரும்பிய பிறகு வரைந்த ஒரு ஓவியத்தில், அவர் மற்றச் சீமான்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார், ஓரத்தில் ஒரு கறுப்புச் சிறுவன் பணிவிடைக்கு நிற்கிறான். அவன் கழுத்தில் உலோக வளையம் பூட்டியிருக்கிறது. அடிமைக்குப் பூட்டுகிற வளையம். யேல் கோட்டையின் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் அங்கிருந்து கப்பல்களில் அடிமைகள் ஏற்றி அனுப்பப்பட்டார்கள், செயின்ட் ஹெலினா தீவுக்குப் போகிற கப்பலில் இத்தனை பேர் என்று உத்தரவே இருந்தது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். நம்முடைய கடற்கரை, நம்முடைய ஜனங்கள். டேவிட் யேலுக்குக் கல்லறை இருக்கிறது. கப்பலில் போன பிள்ளைகளுக்குக் கல் இல்லை, பெயரும் இல்லை.

ஞாயிறு ஆராதனைக்கு வந்து, முழங்காலிட்டு, பாவ அறிக்கையை வாயால் சொல்லி, திங்கட்கிழமை அந்த உத்தரவில் கையெழுத்துப் போட ஒரு மனிதனால் முடிந்திருக்கிறது. நான்கடிச் சுவர் பீரங்கியைத் தடுத்தது. வெளியே அழுத பிள்ளையின் சத்தத்தையும் தடுத்துவிட்டது. சுவரை அளந்து பார்த்த மகளே, உன் கேள்விக்குள் இந்தக் கேள்வியும் இருந்தது என்று நினைக்கிறேன். இதை உனக்குச் சொல்லாமல் அழகான ஜன்னலையும் பளபளக்கிற சுண்ணாம்புப் பூச்சையும் மட்டும் காட்டி அழைத்து வந்திருந்தால், நான் பாதிப் பதில் சொன்னவன் ஆவேன்.

முழுப் பதிலில் வேறு மனிதர்களும் வருகிறார்கள். அதே ஆலயத்தில் 1753 பிப்ரவரி 18-ஆம் தேதி ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினை மணந்தார். சுற்றுலா வருகிறவர்களிடம் எல்லாரும் அதைச் சொல்லுவார்கள். மணமுடித்து வைத்த குருவானவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஜோஹன் பிலிப் பப்ரிசியஸ். லுத்தரன் மிஷனெரி, ஜெர்மனியிலிருந்து வந்து வேப்பேரியில் தங்கி ஊழியம் செய்தவர், தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் அச்சானது. பாண்டிச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள், வேப்பேரி அச்சகம் அப்படித்தான் பிறந்தது. தமிழ்–ஆங்கில அகராதியும் அவர் கையால் வந்தது. ஒரு வார்த்தைக்காக முழங்காலில் நின்று காத்திருந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். நாம் இன்று வாசிக்கிற வேதாகமம் வேறு மொழிபெயர்ப்புதான், ஆனால் அவர் தேடிக் கண்டெடுத்த தமிழ் அதற்குள் ஓடுகிறது.

அந்தத் திருமணத்துக்குப் பிறகு இருவருடைய வாழ்க்கையும் எங்கே போயின என்று பாருங்கள். கிளைவ் வங்காளத்துக்குப் போனார், பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பினார். பப்ரிசியஸ் மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து ஏமாந்து, தள்ளாத வயதில் கடன்காரராகச் சிறைக்குப் போனார். 1791-இல் இறந்தார். பணக் காரியத்தில் அவர் செய்தது தவறு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைக்குப் பலிபீடத்தின் முன் எதிரெதிராக நின்ற அந்த இரண்டு பேரில், இந்த ஜனத்தின் வாயில் தேவனுடைய வார்த்தையை வைத்தவர் எவர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொரு மிஷனெரியின் நினைவுச்சின்னம் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர். ஜான் பேக்கன் என்கிற சிற்பி பளிங்கில் செதுக்கியது. ஐயர் மரணப் படுக்கையில் கிடக்கிறார், பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். 1779-இல் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப ஆள் தேடியபோது, கம்பெனி இவரைத்தான் கெஞ்சி அனுப்பியது. பகைவன் நம்பக்கூடிய ஒரு மனிதர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். பஞ்சக் காலத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குத் தானியம் கொண்டுவர மறுத்த குடியானவர்கள், ஐயர் பணத்துக்குப் பொறுப்பு என்று சொன்னதும் கொண்டுவந்தார்கள். 1798-இல் அவர் தஞ்சாவூரில் இறந்தார். அவருக்குக் கம்பெனி தன் செலவில் வைத்த சின்னம் இது. வாளேந்தியவர்களுக்கு வைத்த பளிங்குகள் அந்தச் சுவர்களில் எத்தனையோ உண்டு. பிகட் பிரபு, தாமஸ் மன்றோ போன்ற ஆளுநர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதிக நேரம் நின்றது சுவார்ட்ஸ் ஐயர் முன்னால்தான். படுக்கையைச் சுற்றி நிற்கிற சிறுவர்களைத் தங்களைப் போலக் கண்டார்களோ என்னவோ.

ஞானஸ்நானத் தொட்டியைச் சொல்லாமல் விட முடியாது. பல்லாவரத்துக் கருங்கல். மூன்று நூற்றாண்டாக எத்தனையோ பிள்ளைகளின் தலையில் விழுந்த தண்ணீர் அதில் நிரம்பியிருந்தது. 1689 ஆகஸ்டு 19-ஆம் தேதி மூன்று சிறுமிகள் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள்: மேரி, எலிசபெத், கேத்தரின். தகப்பன் ஜாப் சார்னாக், கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கியவர். தாய் இந்தியப் பெண். கணவனின் சிதையில் ஏறவிருந்தவளைச் சார்னாக் மீட்டு மனைவியாக்கிக்கொண்டார் என்று ஒரு கதை வழிவழியாக வருகிறது. வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்று ஊரைச் சுவர் வைத்துப் பிரித்திருந்த காலத்தில், இரண்டு பட்டணத்தின் இரத்தமும் ஓடிய மூன்று பிள்ளைகளை அந்தக் கல் ஏற்றுக்கொண்டது. சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறையும் இதே பல்லாவரத்துக் கல். 1893-இல் அதை ஆராய்ந்த ஹாலந்து என்கிற நிலவியலாளர், அந்தக் கல்வகைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் போகும்போது நாம் தினமும் பார்க்கிற குன்றுகளின் கல் அது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயரில் இருக்கிறது.

ஆலயத்துக்கு வெளியே வந்தால் காலடியில் எல்லாம் கல்லறைக் கல். பிள்ளைகள் தயங்கினார்கள், மிதிக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கற்களுக்கு அடியில் யாரும் இல்லை என்று சொன்னேன். உண்மையிலேயே இல்லை. பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றத்துப் பக்கம் இருந்தது. லாலியின் முற்றுகையில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அங்கிருந்த பெரிய கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் அந்த இடத்தைத் தரைமட்டமாக்கி, கல்வெட்டுப் பலகைகளை மட்டும் பெயர்த்துவந்து ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். பிறகு ஹைதர் அலியோடு போர் வந்தபோது, பீரங்கிகளை நிறுத்தத் தளம் வேண்டும் என்று அந்தக் கற்களில் சிலவற்றை மறுபடியும் பெயர்த்தார்கள். ஆங்கிலம், லத்தீன், போர்ச்சுக்கீசு, அர்மீனியன் என்று பல மொழியில் அவற்றில் எழுத்து இருக்கிறது. ஆங்கிலக் கற்களில் மிகப் பழையது எலிசபெத் பேக்கர் என்கிற பெண்ணுடையது, 1652-ஆம் வருஷத்தது. செத்தவர்களின் கல்லுக்குக்கூட அந்தக் கோட்டையில் இளைப்பாறுதல் கிடைக்கவில்லை.

சபையாரே, இவ்வளவு பெயர்களையும் சொன்னேன். சந்தா எழுதியவர், மணந்தவர், மரித்தவர், போரிட்டவர், பிரசங்கித்தவர். அன்றைய திருமணங்களும் ஞானஸ்நானங்களும் அடக்க ஆராதனைகளும் ஆலயப் பதிவேட்டில் 1680 முதல் ஏறியிருக்கின்றன. ஒரு பெயரை மட்டும் அங்கே நான் எங்கேயும் பார்க்கவில்லை. அந்தக் கூரையைக் கட்டிய கொத்தருடைய பெயர்.

கணக்குப் போட்டவர் பீரங்கிக்காரர். ஆனால் செங்கல் அறுத்தது யார்? கடற்கரையில் சிப்பி பொறுக்கியது யார்? சிப்பியைச் சூளையில் சுட்டு, நீற்றி, செக்கில் போட்டு அரைத்து, கடுக்காயும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் பக்குவமாக்குகிற வித்தை இந்த ஊர்க் கொத்தர்களுடையது. மேல்பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல ஆக்குகிற பொறுமையும் அவர்களுடையது. வளைவுக்கு அடியில் சாரம் கட்டி, கடைசிக் கல்லைப் பொருத்தி, சாரத்தைப் பிரிக்கிற நாளில் கூரை நிற்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர்கள் அவர்கள். அந்தக் கூரையின்கீழ் முழங்காலிட அவர்களை யாராவது அழைத்தார்களா? இன்று நாம் அழைப்பில்லாமலே உள்ளே போகிறோம். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது முதல் அந்த ஆலயம் நம்முடையது, சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது. கட்டினவர்களின் ஜனம் வாசலைக் கடந்து உள்ளே வந்து சேர 267 வருஷம் ஆனது.

வேதாகமத்தில் நமக்குச் சலிப்பூட்டுகிற அதிகாரம் ஒன்று உண்டு, நெகேமியா மூன்று. வெறும் பெயர்ப் பட்டியல். யார் எந்த வாசலைக் கட்டினார், யாருக்கு அடுத்து யார் நின்றார் என்று போய்க்கொண்டே இருக்கும். வாசிக்கிறவர் நாக்குத் தடுமாறுகிறது என்று நாமே பல முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். மறுபடி வாசித்துப் பாருங்கள். தட்டார் இருக்கிறார், தைலம் செய்கிறவர் இருக்கிறார், சல்லூமோடு சேர்ந்து கட்டிய அவனுடைய குமாரத்திகள் இருக்கிறார்கள். வேலைக்குக் கழுத்தைக் கொடாத பெரிய மனிதர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான் நெகேமியா. தேவனுடைய புத்தகத்தில் கொத்தனுக்கும் சித்தாளுக்கும் இடம் இருக்கிறது.

இப்போது நம் ஆலயத்துக்கு வருகிறேன். நாற்புறமும் பாருங்கள். மின்விசிறி இறக்கையில் உபயம் செய்தவர் பெயர். பெஞ்சின் முதுகில் பெயர். ஒலிபெருக்கியில், சுவர்க் கடிகாரத்தில், பிரசங்க பீடத்தின் விரிப்பில் பெயர். அஸ்திபாரக் கல்லில் பேராயர் பெயரும் அன்றைய கமிட்டியார் பெயர்களும் இருக்கின்றன. கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்தது கர்த்தருக்கு. ஆனால் இந்தக் கூரைக்கு ஓடு ஏற்றியவர்கள் யார்? தண்ணீர் இல்லாத அந்த வருஷம் அஸ்திபாரத்துக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்த தாய்மார் யார்? பிள்ளைகள் நம்மிடம் கேட்டால் என்ன சொல்லுவோம்? முதியவர்கள் ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும். போன வருஷம் இரண்டு பேரை அடக்கம் செய்தோம். அவர்களோடு எத்தனை பெயர் போனதோ.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த ஆலயம் கட்டினபோது கல் சுமந்தவர், மண் மிதித்தவர், சாரம் கட்டியவர், சோறு பொங்கிப் போட்டவர் என்று உங்களுக்குத் தெரிந்த எந்தப் பெயரானாலும் வந்து சொல்லுங்கள். அவர் நம் சபையாராக இருக்க வேண்டியதில்லை, கிறிஸ்தவராகவே இருக்க வேண்டியதில்லை. முழுப் பெயர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயர் போதும். எழுத வராத தாய்மார் பேரப்பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். பண்டிகை நாள் ஆராதனையில் அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பார்கள். சுவரை முழம் போட்டு அளந்த பிள்ளை முதலில் வாசிப்பாள்.

பெயர்களை எழுதுகிற நோட்டு வெஸ்ட்ரி மேசையின்மேல் இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் வாருங்கள்.